பித்தளையின் வயது: ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து மூன்று ஊதுகருவிகள் குறித்து

பழசானால் நாதம் கூடும் என்றொரு நம்பிக்கை இசை குறித்த நம் பேச்சில் வெகுகாலமாகப் புழங்கிவருகிறது. நாகஸ்வரத்துக்கு அது பொருந்தவும் செய்கிறது. நரசிங்கம்பேட்டை ஆசாரிமார் பச்சை மரத்தைத் தொடுவதில்லை. இடித்த பழைய வீடுகளின் உத்தரம், தூண் என்று பல பத்தாண்டுகள் காய்ந்து இறுகிய ஆச்சா மரத்தைத் தேடிப்பிடித்துத்தான் கடைகிறார்கள். அந்த நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தாயிற்று. வீட்டின் வயது குழலின் வயதாகி நாதமாக வெளிவருகிறது என்பது கேட்கவே நன்றாயிருக்கிறது. ஆனால் பித்தளைக்கு? பித்தளை முதிர்வதில்லை, அரிபடுகிறது. செம்பும் துத்தநாகமும் கலந்த தகடு அது. ஊதுகிறவனின் எச்சிலும் மூச்சின் ஈரமும் உள்ளே தங்கித்தங்கித் துத்தநாகத்தை வெளியேற்றிவிட, குழாயின்மேல் முதலில் ஒரு சிவப்புப் புள்ளி தோன்றும், பிறகு அங்கே ஓட்டை விழும். அப்படியிருக்கப் பழைய டிரம்பெட்டின் ஒலி 'வேற மாதிரி' என்று ஏன் சொல்கிறோம்? நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்வரை.

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில் வல்லம் வடகால் சிப்காட்டை ஒட்டி உள்ளடங்கிய ஒரு காலனி. அங்கே ஒரு பேண்டு மாஸ்டர் வீடு. பெயரை எழுத வேண்டாமென்றார், எழுதவில்லை. அவர் தாத்தா, அப்பா, அவர் என்று மூன்று தலைமுறை ஊதியவர்கள். மகன் பக்கத்துத் தொழிற்சாலையொன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. ஷிப்டு இல்லாத நாட்களில் அவனும் ஊதுகிறான். மாஸ்டர் பாயை விரித்து மூன்று கருவிகளை வரிசையாக வைத்தார்.

முதலாவது கார்னெட். டிரம்பெட்டுக்குப் பங்காளி முறை. டிரம்பெட்டின் குழாய் பெரும்பகுதி ஒரே பருமனில் ஓடிக் கடைசியில் விரியும். கார்னெட்டினது தொடக்கத்திலிருந்தே கொஞ்சங்கொஞ்சமாக விரிந்துகொண்டு போகும். இரண்டையும் நீட்டிப் பிடித்தால் கிட்டத்தட்ட ஒரே நீளம், ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. கார்னெட் கூடுதலாகச் சுருண்டு கிடப்பதால் குட்டியாகத் தெரிகிறது, அவ்வளவே. இந்தக் கார்னெட்டின் வெள்ளி முலாம் விரல் பட்ட இடங்களிலெல்லாம் போய்ப் பித்தளை இளித்துக்கொண்டிருந்தது. அகன்ற வாயில், நாகஸ்வரக்காரர் அணசு என்பாரே அந்த இடத்தில், பெஸ்ஸன், 198 யூஸ்டன் ரோடு, லண்டன் என்று பொறித்திருந்தது. அதற்குக் கொஞ்சம் மேலே 'புரோட்டோடைப்' என்ற ஒற்றை வார்த்தை. பரங்கிமலையில் ஏலத்தில் தாத்தா எடுத்தது என்பது குடும்பக் கதை.

இரண்டாவது டிரம்பெட். மீரட் நகரத்து ஜாலி கோத்தித் தெருவில் செய்தது. இந்தியா முழுவதும் கல்யாண ஊர்வலத்தில் நாம் கேட்கிற பித்தளை பெரும்பாலும் அந்தத் தெருப் பித்தளைதான். பேண்டு வாசிப்பவரான நாதிர் அலி 1885இல் அங்கே தொடங்கிய கம்பெனியின் பெயர் இன்றும் பேண்டுக்காரர் வாயில் மரியாதையோடு வருகிறது. அதைச் சுற்றி முளைத்த சிறுசிறு பட்டறைகளில் தகட்டைச் சுத்தியால் தட்டித்தட்டியே உருவம் கொண்டுவருகிறார்கள். மாஸ்டரின் அப்பா 1970களில் வாங்கியது இது. மூன்றாவது யமஹா. மகன் சென்னையில் இரண்டாங்கையாக வாங்கியது. பளபளவென்றிருந்தது.

'திரும்பி உக்காருங்க தம்பி' என்றார் மாஸ்டர். சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். மூன்று கருவியிலும் ஒரே சங்கதியை, மோகனத்தில் மேலேறிக் கீழிறங்கும் ஒரு வரியை ஊதினார். ஒன்றாவது எனக்குச் சந்தேகமேயில்லை. கண்ணாடி மாதிரித் தெளிவு, யமஹா. இரண்டாவதில் ஒரு கூர்மை, கொஞ்சம் கறார், ஆகவே மீரட். மூன்றாவதுதான் பழைய இங்கிலீஷ் கார்னெட். உருண்டு, மெத்தென்று, தொண்டையில் லேசான கரகரப்போடு, வயதான ஒருவர் அருகில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. இப்படித்தான் நோட்டில் எழுதிவைத்தேன். இந்த 'வயதான ஒருவர்' என்ற உவமை அப்போது எனக்கு வெகு பொருத்தமாகப்பட்டது என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

திரும்பிப் பார்த்தால் மாஸ்டர் கையில் மீரட் டிரம்பெட். அதன் வாயில் செருகியிருந்தது கார்னெட்டின் மௌத்பீஸ். கார்னெட் மௌத்பீஸின் காம்பு டிரம்பெட்டினதைவிட மெலிந்தது. அப்படியே செருகினால் ஆடும். தினசரித் தாளில் ஒரு துண்டைக் கிழித்துக் காம்பில் சுற்றி இறுக்கியிருந்தார். கார்னெட்டுக்கு வேறொரு மௌத்பீஸ் போட்டிருந்தார், மீரட்டிலிருந்து வந்தது, கிண்ணம் ஆழமில்லாதது. 'ஒங்க காதுக்குப் பரிச்ச வெச்சேன்' என்று சிரித்தார். நான் கேட்ட 'பழமை' யூஸ்டன் ரோட்டிலிருந்து வரவில்லை. இரண்டு அங்குலமே இருக்கும் ஒரு கிண்ணத்தின் ஆழத்திலிருந்தும், ஐம்பது வருடமாக ஊதிக் காய்த்துப்போன ஓர் உதட்டிலிருந்தும், கொஞ்சம் செய்தித்தாளிலிருந்தும் வந்தது.

இது என்னுடைய காதின் ஊனம் மட்டுமல்ல. பூசி ஹாக்ஸ் கம்பெனியில் கருவி வடிவமைப்பாளராயிருந்த ரிச்சர்ட் ஸ்மித் 1980களில் டிராம்போன்களை வைத்து ஒரு சோதனை செய்தார். அகன்ற வாய்ப்பகுதியின் தகட்டு கனத்தை மட்டும் மாற்றி, மற்றதெல்லாம் ஒன்றாக வைத்து, தேர்ந்த வாசிப்பாளர்களின் கண்ணைக் கட்டி ஊதச் சொன்னார். எது கனம், எது மெலிசு என்று அவர்களாலேயே பிரிக்க முடியவில்லை. 2012இலும் 2014இலும் வயலினுக்கு நடந்த சோதனைகளும் ஏறக்குறைய இந்தக் கதைதான். கைதேர்ந்தவர்களால் ஸ்ட்ராடிவாரியையும் நேற்றுச் செய்த வயலினையும் உறுதியாகப் பிரித்தறிய இயலவில்லை. பித்தளைக் கருவியின் ஒலியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் உள்ளே காற்று நிற்கும் வெற்றிடத்தின் வடிவம்தான். உலோகத்தின் வயதோ வம்சமோ அல்ல.

இதோடு விஷயம் முடிந்துவிட்டால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. முடியவில்லை. ஏனெனில் கேட்ட நான்தான் ஏமாந்தேன், ஊதியவர் ஏமாறவில்லை. கண்ணைக் கட்டினாலும் எது எதுவென்று அவருக்குத் தெரிந்திருக்கும், கையில் எடுத்த கணத்திலேயே. கனம், விரல் வால்வில் இறங்கும் தூரம், மூச்சு எங்கே முட்டுகிறது என்பதெல்லாம் உடம்புக்குத் தெரிகிற சேதிகள். காதுக்கு வருபவை அல்ல. ரோலான் பார்த் 1972இல் எழுதிய 'குரலின் சொரசொரப்பு' பற்றிய கட்டுரையில் தன் பாட்டு ஆசான் பான்ஸெராவையும் பேர்பெற்ற பாடகர் ஃபிஷர்-டீஸ்காவையும் ஒப்பிட்டு, பின்னவரிடம் நுரையீரல் இருக்கிறது, உடம்பு இல்லை என்பதாக ஒரு தீர்ப்பு வழங்குகிறார். அருமையான கட்டுரைதான். ஆனால் அதிலும் உடம்பைக் கண்டுபிடிப்பது கேட்பவனின் காது. பாடுகிறவன் என்ன சொல்கிறான் என்று பார்த் கேட்பதில்லை. நமது இசை விமரிசனம் முழுவதும் இந்தத் தரப்பிலிருந்தே எழுதப்பட்டிருக்கிறது, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் காதின் தரப்பிலிருந்து.

மாஸ்டரிடம் ஒரு சொல்லகராதியே இருந்தது. பிஸ்டன் தேய்ந்து இடைவெளி விட்டுப்போன வால்வுக்குக் 'காத்தக் குடிக்குது' என்கிறார். பெஸ்ஸன் கொஞ்சம் குடிக்கும். மேல் ஸ்வரங்களுக்கு மூச்சைக் கூடுதலாகக் கொடுத்து ஈடுகட்ட வேண்டும், அந்த ஈடுகட்டலில்தான் கரகரப்பு பிறக்கிறது. மீரட் டிரம்பெட் 'எதுத்து நிக்கும்'. அதாவது ஊதுகிறவனுக்கு முகத்தில் காற்று திரும்பி அடிக்கிற மாதிரி ஓர் எதிர்ப்பு. அதைத் தாண்டிவிட்டால் 'ரெண்டு தெரு தாண்டிப் போவும்'. யமஹாவைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: 'இதுல சுரம் தானா போயி அதும் எடத்துல குந்திக்குது. நான் வேல செய்ய வேண்டியதில்ல. வேல செய்யலன்னா நான் எதுக்கு?' உள்ளே இருந்து மகன் குரல் வந்தது. 'எட்டு மணி நேரம் லைன்ல நின்னுட்டு வந்து ஊதிப் பாரு, அப்பத் தெரியும். அப்பாவுக்குக் கஷ்டப்பட்டாத்தான் சங்கீதம்.'

அப்பன் சொன்னது எனக்கு உடனே பிடித்தது. மகன் சொன்னது இரண்டு நாள் கழித்து உறைத்தது. எதிர்த்து நிற்கிற கருவியில்தான் கலை இருக்கிறது என்பது உழைப்பைத் தொலைவிலிருந்து ரசிக்கிறவர்களுக்கு மிகவும் இசைவான அழகியல். உழைத்துக் களைத்தவன் இலகுவான கருவியைக் கேட்பதில் என்ன இழிவு? பழைய கருவிகளின் மேன்மை பேசும் எழுத்துகளில் இந்த மகனின் குரல் வருவதேயில்லை.

சரி, அசல் எது? இங்கே பெஸ்ஸன் வாயிலிருந்த அந்த 'புரோட்டோடைப்' என்ற வார்த்தைக்கு வருவோம். 1850களில் குஸ்தாவ் பெஸ்ஸன் கண்டுபிடித்த முறைக்குப் பெயர் அது. குழாயின் ஒவ்வொரு கூம்புப் பகுதிக்கும் எஃகில் ஓர் அச்சுக்கோல் கடைந்து வைத்துக்கொண்டு, தகட்டை அதன்மேல் இழுத்து இழுத்து, ஒன்றுபோல இன்னொன்று என்று அச்சுப்பிசகாமல் செய்யும் உத்தி. ஆகவே இந்தப் 'பழைய அசல்' தன் வாயிலேயே எழுதி வைத்திருக்கிறது, நான் ஒரு பிரதி என்று. தொழிற்சாலை உற்பத்தியின் பெருமிதம்தான் அந்தப் பொறிப்பு. வால்டர் பெஞ்சமின் 1936இல் இயந்திர மறுஉற்பத்தியில் கலைப்பொருள் தன் ஒளிவட்டத்தை இழக்கிறது என்று எழுதினார். ஒளிவட்டமே இல்லாமல் பிறந்த ஒரு சரக்கு எண்பது தொண்ணூறு வருடம் அழுக்கேறியதும் ஒளிவட்டத்தைச் சம்பாதித்துக்கொள்கிறது. மாறாக, 'நகல்', 'மட்டம்', 'லோக்கல்' என்று நாம் ஒதுக்கும் மீரட் டிரம்பெட்தான் சுத்தியடியில் உருவானது. அதைப் போல் இன்னொன்று கிடையாது. வாய் கொஞ்சம் கோணல்கூட. அசலும் நகலும் இடம் மாறிக் கிடக்கின்றன. இங்கிலாந்து என்ற பெயர் மட்டும் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றுகொண்டிருக்கிறது.

இந்தக் கார்னெட்டின் உடம்பில் இன்னொரு எழுத்தும் உண்டு. சுருதி சேர்க்க இழுத்து விடும் வளைகுழாயில் ஒரு விரற்கடை நீளத்துக்கு வேறு நிறப் பித்தளை, பற்றவைத்த தழும்பு. அப்பா காலத்தில் பாத்திரம் பற்றவைக்கிறவரிடம் கொடுத்துச் சேர்த்த துண்டு என்றார் மாஸ்டர். ஏன்? பிரிட்டிஷ் இராணுவ பேண்டுகள் 1920களின் இறுதிவரை உயர்ந்த சுருதியில் வாசித்தன, 'ஏ' ஸ்வரத்துக்கு விநாடிக்குச் சுமார் 452 அதிர்வு. பிறகு அவர்கள் இறங்கிவந்தார்கள். உலகம் 440இல் வந்து நின்றது. 1939இல் லண்டன் மாநாட்டில் பேசி, 1955இல் சர்வதேசத் தர நிறுவனம் வழிமொழிந்தது. இரண்டுக்கும் இடைவெளி அரை ஸ்வரத்தில் ஏறத்தாழப் பாதி. பறையோடும் டிரம்மோடும் தெருவில் போகிறவரை இது யாருக்கும் உறைக்காது. சாவுக்கு அழுகிறவர்கள் சுருதி பார்ப்பதில்லை. பேண்டுக்குள் கேசியோ கீபோர்டு நுழைந்த அன்று தாத்தாவின் கார்னெட் அபஸ்வரமாகிப் போனது. அது மாறவில்லை, அளவுகோல் மாறிற்று. ஒரு துண்டுக் குழாய் சேர்த்தால் ஒரு ஸ்வரம் சரியாகும். ஆனால் வால்வுக் குழாய்கள் மூன்றும் பழைய கணக்கிலேயே நிற்க, வால்வு அழுத்தும்போதெல்லாம் கொஞ்சங்கொஞ்சம் பிசகும். அந்தப் பிசகையும் உதட்டால் இறக்கித் திருத்தியபடியேதான் ஊத வேண்டும். நான் 'பழமை' என்று கேட்டது இந்த இடைவிடாத திருத்தல் பழக்கிய உதட்டையாகவும் இருக்கக்கூடும்.

அந்த 1955ஆம் வருடத்தில்தான் ஜப்பானில் யமஹா மோட்டார் கம்பெனி வாத்தியக் கம்பெனியிலிருந்து தனியே பிரிந்தது. தற்செயல்தான், பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் வல்லம் வடகாலில் 2015 முதல் மோட்டார்சைக்கிள் செய்யும் அந்தத் தொழிற்சாலை வாசலில் ஒருநாள் நின்று பார்த்தால், வெளியேறும் ஒவ்வொரு வண்டியின் டாங்கிலும் மூன்று இசைக்கவைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பதைக் காணலாம். 1887இல் ஒரு பள்ளிக்கூடத்து ஆர்மோனியப் பெட்டியைப் பழுதுபார்த்ததில் தொடங்கிய தொழிலின் சின்னம். 1965இல் ஊதுகருவி செய்யவும் புறப்பட்டார்கள். 'எங்க ஊர் வண்டியிலயும் அதான், என் டிரம்பெட்லயும் அதான்' என்று மகன் காட்டினான். அவனுக்கு அதில் ஒரு பெருமிதம் இருந்தது. அதைக் குலைக்க எனக்கு மனமில்லை. குலைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

மாஸ்டரின் சொல்லகராதிக்கு முன்னோடி தேடினால் சங்கத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. மலைபடுகடாம் தன் தொடக்கத்தில் கூத்தர் சுமந்துவரும் கருவிகளை வரிசைப்படுத்தும்போது தூம்பின் ஒலிக்கு யானையின் உயிர்ப்பை, அதன் பெருமூச்சை, உவமிக்கிறது. பிளிறலை அல்ல என்பது கவனிக்கத்தக்கது. ஊதுகருவி என்றதும் சத்தத்தைச் சொல்லாமல் மூச்சைச் சொல்லத் தெரிந்த காது அது. மூட்டை தூக்கிக்கொண்டு கூடவே நடந்தவனின் காது என்று தோன்றுகிறது.

பின்னாளில் இந்தக் குழல்கள் இசையிலிருந்து விலக்கப்பட்டு அறிவிப்புக்கு அமர்த்தப்பட்டன. கொம்பு, எக்காளம், தாரை, திருச்சின்னம் எல்லாமே 'வருகிறார்' என்று சொல்பவை. காஞ்சி வரதர் புறப்பாட்டில் திருச்சின்னம் ஊதுவார்கள். நீண்ட நேர்க்குழல்கள் இரண்டை ஒரே ஆள் ஒரேசமயம் வாயில் வைத்து ஊதுவது. வேதாந்த தேசிகர் அதன்மேல் திருச்சின்னமாலை என்று தனியே ஒரு பிரபந்தம் பாடியிருக்கிறார். வால்வு இல்லாத குழலில் இயற்கையாக எழும் சில ஸ்வரங்கள்தாம் வரும். ராகம் வராது, வர வேண்டியதுமில்லை. குறிப்பீடு முழுவதும் குறிக்கப்படும் தெய்வத்துக்கே போய்விட, ஒலியென்ற பருப்பொருள் யார் கவனத்துக்கும் வராமல் கழிகிறது. தமிழ் விவிலியத்திலும் எக்காளம் அறிவிப்புதான், இறுதிநாளின் அறிவிப்பு. பேண்டு டிரம்பெட் இந்தக் குலத்தில் வந்து பிறந்த பிள்ளை. மாப்பிள்ளை வருகிறார், பிணம் வருகிறது, வழிவிடு. அதன் ஒலி நன்றாயிருந்ததா என்று யாரும் கேட்டதில்லை.

ஐரோப்பியர் கொண்டுவந்த மற்றவை உள்ளே போய்விட்டன. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி (1798-1832) பேண்டு வைத்திருந்தார். முத்துஸ்வாமி தீக்ஷிதர் கோட்டை பேண்டின் மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார், அவை நோட்டுஸ்வரம் ஆயின. வயலின் இல்லாமல் இன்று கச்சேரியே கிடையாது. கிளாரினெட் வாசித்த ஏ.கே.சி. நடராஜனுக்கு 2008இல் சங்கீத கலாநிதி. மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கிய கத்ரி கோபால்நாத் (1949-2019) அதைச் சபை ஏற்றினார். அரண்மனை பேண்டென்றால் டிரம்பெட் இல்லாமலா இருந்திருக்கும்? அதை மட்டும் ஏன் யாரும் கைப்பிடித்து அழைத்து வரவில்லை?

கமகம் வராது என்பது வழக்கமான பதில். தீக்ஷிதர் காலத்துக்கு அது சரி. வால்வு ஜெர்மனியில் அப்போதுதான் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டிருந்தது, 1818இல்தான் அதற்குக் காப்புரிமை. இன்று அது பொய். மாஸ்டர் வால்வைப் பாதி அழுத்தி உதட்டைத் தளர்த்திக் காந்தாரத்திலிருந்து ரிஷபத்துக்கு வழுக்கி இறங்கிக் காட்டினார். நாகஸ்வரக்காரர் துளையைப் பாதி மூடி மூச்சால் செய்வதும் இதே காரியம்தான். முழுக் கல்யாணி ஆலாபனை வருமா என்று கேட்டால், வராது என்றுதான் நான் சொல்வேன். அடிமட்டத்தில் ஸ்வரங்கள் தூரந்தூரமாகக் கிடக்கின்றன, உதடு அரை மணியில் ஓய்ந்துவிடும். ஆனால் சாக்ஸபோனுக்கும் முதலில் வரவில்லையே. கத்ரி அதன் சாவிகளையே மாற்றிப் போட்டார். மாற்றிப் போடும் அவகாசமும் ஆதரவும் ஒரு கருவிக்குக் கிடைப்பது அதன் ஒலியைப் பொறுத்ததல்ல, அதைத் தூக்கிக்கொண்டு நிற்பவர் யார் என்பதைப் பொறுத்தது. 'கர்நாடகம்' என்ற பெயரில் கச்சேரி விமரிசனம் எழுதிய கல்கியிலிருந்து இன்றுவரை நாதத்துக்குத்தான் எத்தனை அடைமொழிகள். பித்தளைக்கு ஒரே ஒரு சொல்தான் உண்டு: இரைச்சல். எது இசை, எது இரைச்சல் என்று கோடு போடுவது அதிகாரத்தின் வேலை என்று ழாக் அத்தாலி 1977இல் ஒரு புத்தகமே எழுதினார். நமக்கு அதைப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லை. சாவு ஊர்வலத்தில் யார் எங்கே நடக்கிறார்கள் என்று பார்த்தால் போதும்.

மாஸ்டரின் தாத்தா ஏன் கார்னெட் எடுத்தார்? ஊர்ச் சாவுக்கு மேளம் அடிப்பது அந்தக் குடும்பத்தின் கடமையாயிருந்தது. கூப்பிட்டால் போக வேண்டும், கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். பேண்டு அப்படியில்லை. 'தாத்தா சொல்லுவாரு, மோளத்துக்குக் கூப்புடுவான், பேண்டுக்குப் பேசுவான்.' பேச்சு என்றால் கூலிப் பேச்சு. முன்பணம், உடுப்பு, தொப்பி, காலில் ஷூ. ஏகாதிபத்தியம் விட்டுச்சென்ற எச்சம் என்று நாம் சுலபமாக முத்திரை குத்திவிடக்கூடிய அந்தப் பித்தளைக் குழலைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் சாதிக் கடமையிலிருந்து கூலி உறவுக்குள் ஒரு அடி நகர்ந்திருக்கிறார். பெரிய விடுதலை என்று சொல்ல மாட்டேன். ஷூ போட்டவர்களையும் அதே கொட்டகை ஓரத்தில்தான் சாப்பிட வைத்தார்கள் என்றார்.

1990களிலிருந்து பறை மீட்கப்பட்டுவிட்டது. மேடையேறியிருக்கிறது, பயிற்சிப் பட்டறைகள் நடக்கின்றன, பல்கலைக்கழகம்வரை போயிருக்கிறது. அது நடந்தே தீர வேண்டிய காரியம், அதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. ஆனால் அந்த மீட்பில் பேண்டுக்கு இடமில்லாமல் போயிற்று. பறை 'நம்முடையது', டிரம்பெட் 'வெள்ளைக்காரனுடையது'. சபாவுக்கு அது கீழானது, பண்பாட்டு அரசியலுக்கு அது அந்நியமானது. இரண்டு தரப்புமே கைவிட்ட கருவியை இப்போது கேரளத்துச் செண்டையும் டி.ஜே. பெட்டியும் கல்யாணத்திலிருந்தும் துரத்திவிட்டன. மிஞ்சியிருப்பது சாவு, சர்ச் ஊர்வலம், ஆயுத பூஜைக்கு ஏதாவதொரு ஒர்க்‌ஷாப். இந்திய பேண்டுக்காரர்களைப் பற்றி முழுநீளப் புத்தகம் எழுத நியூசிலாந்திலிருந்து கிரகரி பூத் வர வேண்டியிருந்தது (2005). தமிழில் ஒரு நல்ல கட்டுரைகூட என் கண்ணில் படவில்லை. பட்டவர்கள் எழுதலாம்.

பாயில் கேட்டதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை என்று இரண்டு வாரம் கழித்து ஒரு சாவுக்குப் போனேன். டிரம்பெட்டின் சபை தெருதான். சிங்கப்பெருமாள்கோயில் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் வழி. ஒரு பக்கம் கன்டெய்னர் லாரிகளின் ஏர் ஹாரன், இன்னொரு பக்கம் ஷிப்டு பஸ்கள். மாஸ்டர் கையில் மீரட். மௌத்பீஸ் அதனுடையதேதான், செய்தித்தாள் வேலையெல்லாம் இல்லை. வீட்டுக்குள் கறாராகக் கேட்ட அதே கூர்மை இங்கே லாரிச் சத்தத்தைப் பிளந்துகொண்டு போய் ஏரிக்கரைவரை கேட்டது. மகன் பக்கத்திலேயே யமஹாவில் வாசித்தான். சுத்தமாக வாசித்தான், ஆனால் அவன் ஒலி பத்தடியில் கரைந்துபோனது. கருவியின் குற்றமா, அவன் மூச்சின் குற்றமா, முந்தின இரவு அவன் பார்த்த ஷிப்டின் குற்றமா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கார்னெட்டை எடுத்துவரவில்லை. 'அது ரோட்டுல செத்துப்பூடும்' என்றார். என்னுடைய 'வயதான ஒருவர்' தெருவுக்கு லாயக்கில்லை. தாத்தா அதைத் தெருவில்தானே ஊதினார் என்று கேட்டேன். 'அப்ப ரோடு சும்மா கெடந்துச்சி தம்பி. மாட்டு வண்டி போவும்.'

கருவி நல்லதா கெட்டதா என்ற கேள்விக்குள் ஒரு சாலையின் அகலமும் உட்கார்ந்திருக்கிறது. ஆறு வழிச் சாலைக்கு ஏற்ற ஒலி, வண்டித் தடத்துக்கு ஏற்ற ஒலி. இப்படி ஒலியை வகைப்படுத்தும் விமரிசனம் ஒன்று எழுதப்பட்டால் அதில் இந்தப் பக்கத்து ஊர்களின் நில வரலாறும் சேர்ந்தே வரும். ஹூண்டாய் 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யத் தொடங்கியது முதல், நோக்கியா 2006இல் வந்து 2014இல் மூடிப் போனது உட்பட.

சென்னையிலிருந்து பழம்பொருள் வாங்குகிற ஒருவர் கார்னெட்டுக்கு விலை பேசிப்போயிருக்கிறாராம். பித்தளையை எடைக்குப் போட்டால் கிடைப்பதைப் போலப் பல மடங்கு. வரவேற்பறையில் வைக்கக் கேட்கிறார்கள், ஊதுவதற்கு அல்ல. கொடுத்துவிடலாமென்றுதான் இருக்கிறேன் என்றார் மாஸ்டர், மகனுக்கு வண்டித் தவணை பாக்கி. மௌத்பீஸ் மட்டும் தர முடியாதென்று சொல்லிவிட்டாராம். அது இல்லாவிட்டால் பொருள் முழுசில்லை, பாதி விலைதான் என்கிறார் வாங்குகிறவர். பேச்சு இன்னும் முடியவில்லை.